சாய்த்துப் பார்த்து வாங்கிய லேப்டாப்

எனக்குக் கண்ணில் கோளாறு என்பது காஞ்சிபுரத்தில் பட்டுத் தொழிலில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு மட்டும்தான் அது தெரியாது, ஏனென்றால் என் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே வயிற்றெரிச்சலில்தான். ஆகவே நான் நிதானமாக, நாலு பக்கமும் யோசித்து எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் புடவைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் போடுகிறேன். கரையில் ஓடும் யாளியும் அன்னமும், முந்தியில் நிற்கும் மாங்காயும் தறிக்குப் போவதற்கு முன்னால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட வேண்டும். அதற்குக் கிராப் என்று பேர். கிராப் முடிந்ததும் உடலுக்கு என்ன நிறம், கரைக்கு என்ன நிறம் என்று முடிவு செய்து, சாயம் போடுகிறவருக்குச் சீட்டு எழுத வேண்டும். கிராப் போட இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிறம் சொல்லத்தான் ஆள் குறைவு. அரக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், ஆனால் அரக்கில் எத்தனை அரக்கு இருக்கிறது என்பது சாயப் பட்டறையில் போய் நின்றால் தெரியும். நான் நிறம் சொல்கிறவளாக இருந்தேன். அதற்காகத்தான் என்னைக் கேட்டு வருவார்கள்.

வேலை பார்த்தது என் வீட்டுக்காரரின் அண்ணனிடம். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்குள் எட்டு வீடுகளில் எட்டுத் தறிக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். நாங்கள் குடியிருப்பது செவிலிமேட்டில். வீட்டுக்காரர் கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போய்விடுவார், நான் டவுன் பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே முன் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பச்சை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். எவ்வளவு தூக்கல், எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. வருஷக்கணக்கில் பழகிய மனிதரின் பொய்யை நாம் கழித்துக்கொள்வதில்லையா, அப்படி. ஒரு நாள் காலையில் அது திறக்கவே இல்லை. தட்டிப் பார்த்தோம், கழற்றிப் பார்த்தோம், ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார்.

மாமா லேப்டாப் வாங்கலாம் என்றார். பார்ட்டி வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய் டிசைன் காட்டலாம், கெத்தாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கும் சந்தோஷம்தான். ஒரு வாரம் போனில் தேடித் தேடிப் படித்தேன். திரை என்றால் ஒரே திரை என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். டி.என். என்று ஒரு வகை, விலை மலிவு, நேராகப் பார்த்தால் ஒரு நிறம், கொஞ்சம் சாய்த்தால் வேறு நிறம். ஐ.பி.எஸ். என்று ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் நிற்கும். ஓலெட் என்று இன்னொன்று, கறுப்பு அப்படியே கறுப்பாக இருக்கும், விலையும் அப்படியே நம்மைக் கறுக்க வைக்கும். பளபளப்புக் கண்ணாடி போட்டது, போடாதது என்று வேறு இருக்கிறது. மாமா வீட்டு முன் அறையில் ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால். பளபளப்பு வாங்கினால் புடவைக்குப் பதில் என் மூஞ்சிதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

கடைக்கு மூன்று பேர் போனோம். மாமா, வீட்டுக்காரர், நான். வேலை செய்யப்போவது நான் ஒருத்தி. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. மாமா ஒரு பதினேழு இன்ச் லேப்டாப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. கரை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், நகர்த்தி நகர்த்திக் கை வலிக்க வேண்டாம். கட்டம் எண்ணுகிறவளுக்குப் பெரிய திரையின் அருமை தெரியும்.

ஆனால் நான் என் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தேன். அதில் ஐந்து பட்டு நூல் முடிச்சுகள் வைத்திருந்தேன். அரக்கு, மாதுளை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, மயில்கழுத்து. பென் டிரைவில் அதே ஐந்து நிறத்திலும் டிசைன் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அதைத் திறந்து, பக்கத்தில் நூலைப் பிடித்துப் பார்ப்பது என் திட்டம். விற்பனைக்கு நின்ற பெண் நூலைப் பார்த்து, "இன்னா மேடம், கோயில் கயிறா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டாள், அவளே ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தாள். ஒன்று மட்டும் புரியவில்லை. கேள்வி கேட்டது நான், பதிலை அவள் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பதினாலு இன்ச் ஐ.பி.எஸ். ஒன்று இருந்தது. பளபளப்பு இல்லாதது. அதில் அரக்கைத் திறந்து நூலைப் பக்கத்தில் வைத்தேன். அடடா, கையை எடுத்துவிட்டால் எது நூல் எது திரை என்று தெரியாது. ஓலெட்டில் எல்லாம் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜொலித்தது, அது நமக்கு ஆகாது. பதினேழு இன்ச்சில் நேராகப் பார்த்தால் அரக்கில் கொஞ்சம் நீலம் ஏறி இருந்தது. எழுந்து நின்று பார்த்தேன், வெளுத்துப்போய் மாதுளையானது. குனிந்து பார்த்தேன், காய்ந்த ரத்தம் மாதிரி ஆனது. நான் தீர்மானித்துவிட்டேன். பதினேழும் பதினாலும் ஒரே விலைதான். அந்தப் பெண்ணே சொன்னாள், "சார், பெருசு வேணும்னா கலர்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். கலர் வேணும்னா சைஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அப்போதுதான் மாமா அந்த வேலையைச் செய்தார். பதினேழு இன்ச்சில் மயில்கழுத்தைத் திறக்கச் சொன்னார். மயில்கழுத்து என்பது நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும். புடவையைக் கையில் எடுத்துச் சாய்த்தால் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் அடிக்கும். அந்தச் சாயலுக்குத்தான் மதிப்பே. மாமா லேப்டாப்பின் மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தார். திரையில் நிறம் மாறியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தோ பாருடா தம்பி! சாச்சா கலர் மாறுது பாரு. ரெட்டைக் கலர் அப்படியே தெரியுது. பட்டு கணக்கா இருக்குது."

பிறகு பதினாலு இன்ச்சையும் சாய்த்தார். அது மாறவில்லை.

"இதுல ஒண்ணியும் காணோம். எப்படி சாச்சாலும் அதே கலரு. செத்த கலரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மாமா, அது பட்டோட கலர் இல்ல. அந்த கண்ணாடியோட கோளாறு. அது மயில்கழுத்த மட்டும் மாத்தல, எல்லாத்தியும் மாத்துது. வெள்ளைய சாச்சாகூட மாறும், பாருங்க" என்றேன்.

"எட்டு வயசுல தறியில உக்காந்தவன் நானு. ரெட்டைக் கலர் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

விற்பனைப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதிலேயே தெரிந்தது. ஆனால் பதினேழு இன்ச் பழைய ஸ்டாக், போய்த் தொலைந்தால் கடைக்கு லாபம். அவள் சார்ஜர் எடுத்து வர உள்ளே போய்விட்டாள். நான் விடவில்லை. என் தாளை எடுத்துப் படித்தேன், நூலைத் திரையில் ஒட்டிக் காட்டினேன், குரலும் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பி என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"இன்னாபா நீ, கடையில மானத்த வாங்கற? பெருசா இருந்தா உன் கண்ணுக்குத்தானே நல்லது? அண்ணன் உனக்காகத்தான் பெருசு எடுக்குறாரு."

எனக்காக! அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. எனக்காக என்று சொல்லிவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நன்றி கெட்டவள். வாயை மூடிக்கொண்டேன். நூல் முடிச்சுகளைக் கைக்குட்டையில் கட்டி உள்ளே வைத்தேன். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனார், நான் மறுபடியும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன்.

சரி, வந்தது வந்தாயிற்று என்று அதோடு குடும்பம் நடத்தினேன். மூடியை எந்த அளவுக்குத் திறந்தால் ஓரளவு உண்மையான நிறம் தெரிகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அடையாளம் வைத்தேன். நாற்காலியின் உயரத்தையும் மாற்றவில்லை. நிறம் குறிக்கும்போது திரையை நம்பாமல் நூலை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் சீட்டு எழுதினேன். ஒரு புடவை தப்பவில்லை. தப்பாததால், லேப்டாப் நல்ல லேப்டாப் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். என் உழைப்பால் அதற்கு நல்ல பேர் வந்தது.

வாங்குகிற பார்ட்டிகள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். மாமா அவர்களை உட்கார வைத்து, மூடியைத் திறந்து, சாய்த்துச் சாய்த்துக் காட்டுவார். "கம்ப்யூட்டர்ல பாருங்க, ஓகே சொல்லுங்க, அப்படியே நெய்து தந்துடுவோம்" என்பது அவர் வசனம். நான் நூலை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. "பார்ட்டி முன்னாடி அந்த நூல் மூட்டைய பிரிக்காதமா. அந்த காலத்து ஆளுங்கன்னு நெனச்சிக்குவாங்க" என்றார். பார்ட்டி போன பிறகுதான் நான் நூலைத் தொடலாம் என்று ஆகிவிட்டது.

அப்படித்தான் ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். முகூர்த்தப் புடவையும், அதே நிறத்தில் பெண்ணின் அக்காவுக்கு ஒன்றும் அம்மாவுக்கு ஒன்றும். ஒரு பாவில் மூன்று புடவை வரும், கணக்கு சரியாக இருந்தது. லேப்டாப் தாழ்வான மேசையில். பெண் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே பார்த்தார். நான் வழக்கமான நாற்காலியில். மூன்று பேர், மூன்று உயரம். திரையில் அரக்கு.

"இதான், இதேதான்! எம்மாம் அழகா, லைட்டா இருக்குது பாரு" என்றார் அம்மா.

"டார்க்கா இருக்குதேமா" என்றாள் பெண்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

எழுந்து அந்த அம்மா பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மாதுளை. அவர் போனை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே திரையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். நான் மாமாவைப் பார்த்து, "மாமா, ஒரு தபா நூல் காட்டிடலாம்" என்றேன். அவர் சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்தார். "அவங்களே ஓகே சொல்லிட்டாங்க. நீ போய் காபி எடுத்துகினு வா."

நான் போய் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போதுதான் மற்றவர்களைவிட என் மேல் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. நூல் உள் அறையில் அலமாரியில் இருந்தது. காபி போடுகிற அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் நாலு அடி. தட்டில் டம்ளரோடு நூலையும் வைத்துக் கொண்டுவந்திருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? கொண்டுவரவில்லை. அவர்கள் போன பிறகு மாமாவிடம், அந்த அம்மா பார்த்தது மாதுளை, நாம் குறித்தது அரக்கு, போன் செய்து கேளுங்கள் என்று சொன்னேன். "பொண்ணு டார்க்குன்னு சொல்லிச்சு இல்ல? கட்டிக்கப் போறது பொண்ணுதானே? அரக்குன்னே எழுது" என்றார். எழுதினேன். சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.

புடவை வந்தது. தறியில் ஒரு குறை கிடையாது, கரையும் உடலும் அவ்வளவு சுத்தமாகச் சேர்ந்திருந்தது. மூன்று புடவையையும் பிரித்த உடனே அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார், முழங்கால் வலியெல்லாம் மறந்து.

"இன்னாங்க இது? நாங்க சொன்ன கலர் இது இல்லியே! தோ பாருங்க, போட்டோ வெச்சிருக்கேன்" என்று போனை நீட்டினார். போட்டோவில் மாதுளை. மடியில் அரக்கு. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, மறுபடி பாவு போட்டு நெய்ய முடியாது. பெண்ணுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அந்த அம்மாவிடம் இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு எங்க பக்கந்தாங்க. கலர் குறிச்சிக் குடுத்தது தம்பி சம்சாரம். வயசாவுது இல்லீங்களா, கண்ணு கொஞ்சம் மங்கிடுச்சு. நாங்களும் சொல்லிகினுதான் இருக்கோம், டாக்டராண்ட போமான்னு."

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. காலையில்தான் ஊசியில் நூல் கோத்து மாமாவின் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்திருந்தேன். எங்கிருந்தோ வேகம் வந்து, லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். "அம்மா, நீங்க அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. அப்புறம் என் சேர்ல வந்து உக்காந்து பாருங்க. உங்களுக்கே தெரியும்" என்றேன். மாமா எழுந்து வந்து மூடியைச் சாத்தினார். சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு பதவிசாகச் சாத்தினார்.

"போதும்மா. அவங்க மனசு கஷ்டப்பட்டுகினு இருக்கும்போது நீ வேற."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம். "பாவம், கண்ணு தெரியாத பொம்பளைய எதுக்குங்க வேலை வாங்குறீங்க?" என்று மாமாவைத்தான் கடிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

இந்த ஊரில் பட்டுக்காரர்களிடம் ஒரு பேச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்று வெளியாருக்குத் தெரியாது. பாவு போடுகிறவர் சாயக்காரரிடம் சொல்வார், சாயக்காரர் பத்து முதலாளியிடம் சொல்வார். அடுத்த வாரம் நான் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாயக்காரர் மாமாவுக்குப் போன் செய்து, "மாம்பழம்னு எழுதியிருக்காங்க, மாம்பழந்தானா?" என்று கேட்டார். நான் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். இத்தனை வருஷம் என்னிடம், "யக்கா, நீ சொன்னா சரி" என்று நூலைக் கொதிநீரில் போட்டவர். வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் ஆறுதலாக ஒரு காரியம் செய்தார். என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த டாக்டர் அம்மா, புள்ளி புள்ளியாக நிறம் போட்ட ஒரு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் நான் அந்தப் புள்ளிகளில் இரண்டு வகைப் பச்சை இருப்பதையும் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்டப் படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கங்க. கலர்ல உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. என்னைவிட நல்லா பாக்கறீங்க" என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "அப்பாடா, ஒண்ணும் இல்ல. அண்ணன்கிட்ட இத்த காட்ட வேணாம், இன்னா? மனசு சங்கடப்படுவாரு" என்றார். யாருடைய மனசு சங்கடப்படும் என்பதில் அந்த வீட்டு ஆண்களுக்கு எப்போதுமே தெளிவு உண்டு.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. மறுநாள் நேராக மாமாவிடம் போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்னதை வரி விடாமல் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, ரசம் ஊற்றப் போனவர் கரண்டியோடு நின்றுவிட்டார். மாமா அதிர்ச்சியாகவில்லை. கோபப்படவும் இல்லை.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதாமா?" என்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே மேலும் சொன்னார்.

"லேப்டாப்பு சரியில்லன்னு வெச்சிக்கோ. அத்த எடுத்தது யாருன்னு கேப்பாங்க. நூலு காட்ட வேணாம்னு சொன்னது யாருன்னு கேப்பாங்க. எட்டு தறி, எட்டு குடும்பம், எம்பேர்ல ஓடிகினு இருக்குது. எனக்குக் கலர் தெரியலன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா அவ்வளோதான். நீ வூட்டுப் பொம்பள. உனக்கு ஒரு பேர் வந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது? நாலு மாசத்துல மறந்துடுவானுங்க. கொஞ்சம் பொறுத்துக்க."

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அக்கா என்னைப் பார்க்காமல் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆளின் பொய் கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். தெரிந்தே சொல்லியிருக்கிறார், கணக்குப் போட்டு, என் பேர்தான் மலிவு என்று பார்த்து. அன்றைக்கே வேலையை விட்டேன். வீட்டில் ஒரு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. நானும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன்.

பிறகு என் சேமிப்பில் நானே ஒரு லேப்டாப் வாங்கினேன். இந்த முறை தனியாகப் போனேன், டவுன் பஸ்ஸில், யாருக்கும் சொல்லாமல். நான் கேட்டால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுகிற கடையாகத் தேடி, மூன்றாவது கடையில்தான் உட்கார்ந்தேன். பதினாலா, பதினைந்தரையா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஐ.பி.எஸ்., பளபளப்பு இல்லாதது, அதில் மாற்றமே இல்லை. சைஸ்தான் கேள்வி. பதினாலு பையில் அடங்கும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகலாம். பெரியதில் கட்டம் நன்றாகத் தெரியும். கடைசியில் பெரியதையே எடுத்தேன், தோள் வலித்தால் வலிக்கட்டும். வீட்டுக்கு வந்து வாடாமல்லியைத் திறந்தேன். சாய்த்தேன், எழுந்து நின்றேன், சமையலறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாடாமல்லி வாடாமல்லியாகவே இருந்தது. ஒரு பத்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டு அலைந்தேன். முதல் இரண்டு இடத்தில் பார்க்கிறோம் என்றார்கள். மூன்றாவதாக ஐயம்பேட்டையில் ஒரு முதலாளி. நல்ல மனிதர், உட்கார வைத்து, மோர் கொடுத்து, டிசைனை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பேச்சு அங்கும் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது, அவர் டிசைனைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண்ணைப் பார்த்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்க கிட்ட இருக்கிற செவப்பு நூலு எல்லாத்தியும் கலந்து போடுங்க. நான் பிரிச்சுக் குடுக்குறேன்" என்றேன். அவரும் விளையாட்டாக ஒரு குவியலைக் கொண்டுவந்து கொட்டினார். வாசலில் உட்கார்ந்து பிரித்தேன். தக்காளி, குங்குமம், மாதுளை, அரக்கில் மூன்று, செங்கல், இரண்டு சாயத் தொட்டியில் போட்ட ஒரே மிளகாய்ப்பழச் சிவப்பு. தறியிலிருந்து எழுந்து வந்து இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி கையைத் தட்டினார். "யப்பா! எனக்கே அந்த ரெண்டும் வேறன்னு தெரியலமா" என்றார்.

அவர் டிசைனை இன்னொரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"டிசைன்லாம் பிரமாதமா இருக்குதுமா. மாசம் நாலஞ்சு தரேன், கிராப் போட்டுக் குடுங்க. கட்டத்த வெறும் கறுப்பு வெள்ளையா குடுத்தா போதும். கலர் நாங்க பாத்துக்குறோம்."

"ஐயா, இப்போதானே பாத்தீங்க?"

"நான் பாத்தேன்மா. நான் நம்புறேன். ஆனா பார்ட்டிங்க பாக்கலியே. யாரு கலர் சொன்னதுன்னு கேப்பாங்க, உங்க பேர சொன்னா எழுந்து போயிடுவாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? அவருக்கும் தறி ஓட வேண்டும். சரிங்க என்றேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். அன்றிலிருந்து மாதம் நாலு கிராப், சில மாதம் ஐந்து. கட்டம் கறுப்பு, இடைவெளி வெள்ளை. அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய திரையில் வேறு எதையும் நான் திறப்பதில்லை.